நியூயோர்க்கில் பாஸாக்கியது ஆலோசகரா, பஸ் காட்டா?

நெல்லியடியான்:
பக்கத்து இழையில் கொக்குவில் ரீச்சர் எழுதியதைப் படித்ததில் இருந்து காலைத் தேத்தண்ணி இறங்கவில்லை. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசகர்களைப் போட்டார்களாம், படிப்பை முடித்து வெளியேறுவோர் தொகை கிட்டத்தட்ட இரட்டித்ததாம். 2007 இல் தொடங்கிய ஏசாப் (ASAP) என்ற மாணவர் உதவித் திட்டத்தைத்தான் சொல்கிறார். ஆய்வில் மூன்று வருடத்துக்குள் முடித்தவர்கள் திட்டத்தில் சேராதோரில் 22 வீதம், சேர்ந்தோரில் 40 வீதம். சரி, கணக்குப் பிழையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு பஸ்ஸிலும் ரயிலிலும் போக இலவசமாக மெற்றோ காட் கொடுத்ததை ரீச்சர் ஏன் விழுங்கினார்? கையில் காசில்லாதவனை வகுப்புக்குக் கொண்டுவந்தது அந்தக் காட். ஆலோசகர் அல்ல.

கொக்குவில் ரீச்சர்:
விழுங்கவில்லை தம்பி. பாடப்புத்தகமும் கொடுத்தார்கள், கட்டணத்துக்குப் போதாமல் இருந்த காசையும் கட்டினார்கள், முழுநேரம் படிக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தினார்கள். அதோடு ஒரு ஆலோசகருக்கு 60 முதல் 80 பிள்ளைகள்தான். அதே கல்லூரிகளில் மற்றப் பிள்ளைகளுக்கு 600க்கு ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல். அந்த வித்தியாசம் உங்கள் கண்ணில் படவில்லையா?

நெல்லியடியான்:
மெற்றோ காட் கொடுத்தார்களா, இல்லையா? ஒரு சொல்லில் பதில்.

கொக்குவில் ரீச்சர்:
கொடுத்தார்கள். ஆனால் திட்டத்தில் ஒழுங்காகப் பங்குபற்றினால்தான். ஆலோசகரைச் சந்திப்பதும் அதில் ஒன்று.

நெல்லியடியான்:
அப்போ காட்டுக்காகத்தான் ஆலோசகரிடம் போயிருக்கிறான்! என் வேலையை மிச்சமாக்கினதுக்கு நன்றி ரீச்சர்.

மூன்றாம்வருசம்:
அண்ணை, எனக்கும் ஒரு ஆலோசகர் இருக்கிறார், தாளில். எந்தக் கம்பஸ் என்று கேட்காதீர்கள். கதவில் ‘செவ்வாய் 2 – 4’ என்று ஒட்டிய தாள் மஞ்சளாகி, ஒரு மூலை கழன்று காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும். மூன்று செவ்வாய் போனேன், பூட்டு. நாலாம் முறை படியில் எதிர்ப்பட்டார். “நீர் எந்த பட்ச்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். இரண்டு பாடம் ரிப்பீட். ஒன்றுக்கு வரவு 80 வீதம் இல்லையென்று சோதனைக்கே விடவில்லை. பஸ் காட் தந்திருந்தால் அந்தப் பூட்டுக்கு முன்னால் இன்னும் வெள்ளனப் போய் நின்றிருப்பேன்.
ஆனால் இங்கிலிஸ் படிப்பித்த மிஸ் ஒருவர் என் கட்டுரையில் சிவப்பால் வெட்டாமல், பென்சிலால் பக்கத்தில் ‘இதைத் தமிழில் என்னிடம் சொல்லிப் பார்’ என்று எழுதினார். போய்ச் சொன்னேன். அந்த ஒரு பாடத்தில்தான் எனக்கு ஏ.

நெல்லியடியான்:
பென்சிலுக்கு ஏ போட்டால் நல்லதுதான். வரவு ஏன் குறைந்தது என்று சொல்லவில்லையே? பஸ் பிந்தினதா?

மூன்றாம்வருசம்:
...சில நாள்.

நெல்லியடியான்:
நான் வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

தீவான்:
எங்கள் நெடுந்தீவுப் பிள்ளை ஒன்றின் கதை. கிழமை நாளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்திருந்தவள், சனி ஞாயிறு வீட்டுக்கு. திங்கள் படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து வருவதற்குள் காலை லாப் தொடங்கிவிடும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒரு விரிவுரையாளர் வரவுப் புத்தகத்தைப் புரட்டி, திங்கள் மட்டும் பிழைக்கிறதே என்று கூப்பிட்டுக் கேட்டார். லாப் குழுவைப் புதனுக்கு மாற்றிவிட்டார். செலவு ஒரு ரூபாய் இல்லை. இப்போது அவள் வேலையில்.

நெல்லியடியான்:
படகு! பஸ்! இதுவும் போக்குவரத்துப் பிரச்சினைதானே ஐயா? படகு ஒழுங்காக ஓடியிருந்தால் அந்த விரிவுரையாளருக்கு அங்கே என்ன வேலை?

தீவான்:
படகு பிந்துகிறது என்று கண்டுபிடித்தது படகா, விரிவுரையாளரா?

பழைய பட்ச்:
1974 இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் பேராசிரியர் கைலாசபதி தலைவராக இருந்து, இப்போதைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது தெரியுமா உங்களுக்கு? அதற்குப் பிந்திய சில வருடத்தில் நாங்கள் சைக்கிளில் போய்ப் படித்தோம். ஆலோசகரும் இல்லை, காட்டும் இல்லை.

நெல்லியடியான்:
சைக்கிளும் வாகனம்தான் ஐயா. என் பக்கம் வந்ததற்கு வணக்கம்.

பழைய பட்ச்:
நான் யார் பக்கமும் வரவில்லை! நெல்லியடியில் இருந்து வருகிற பெரியவர்களுக்கு எல்லாமே தங்களுக்குத்தான் தெரியும்.

நெல்லியடியான்:
ஓ, ஊரை இழுக்கிறீர்களா. போன மாதம் ஒடியல் கூழுக்குப் பழப்புளி வேண்டாம் என்று எழுதின ஆள்தானே நீங்கள்? அன்றே விளங்கிவிட்டது.

பழைய பட்ச்:
மாங்காய்ப்புளி விட்டால் பழப்புளி எதற்கு என்றுதான் எழுதினேன். அரைகுறையாக வாசிப்பது உங்கள் பழக்கம்.

வாசிகன்:
கூழை விடுங்கள். ஏசாப்பை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலும் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தார்கள். அங்கும் மூன்று வருடத்தில் முடித்தவர்கள் சேராதோரில் 19 வீதம், சேர்ந்தோரில் 35 வீதம். அங்கே நியூயோர்க் மெற்றோ காட் கிடையாது.

நெல்லியடியான்:
அதற்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள்? சொல்லுங்கள், ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

வாசிகன்:
மாதம் 50 டொலர் பரிசு காட். பெற்றோலுக்கோ சாப்பாட்டுச் சாமானுக்கோ.

நெல்லியடியான்:
பெற்றோல்!!! பெற்றோல் எதற்குள் விடுவது, ஆலோசகருக்குள்ளா?

கொக்குவில் ரீச்சர்:
இனி உங்களோடு கதைக்க எனக்கு ஏலாது. முப்பது வருடம் படிப்பித்தவள் நான். கடைசி வாங்கில் இருந்தவனிடம் ஒரு நாள் “ஏன் முகம் வாடிக் கிடக்கு?” என்று கேட்டதற்காகப் பாடசாலையை விடாமல் நின்ற பிள்ளையை எனக்குத் தெரியும். அவனும் நெல்லியடிதான்.

நெல்லியடியான்:
அவன் எதில் வந்தான் ரீச்சர்? நடந்தா, பஸ்ஸிலா?

பழைய பட்ச்:
மாங்காய்ப்புளி பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.