பிளைவுட் கூரைக்குள் மழைநீர் இறங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நாய்க்காக நானே ஒரு சின்ன வீடு செய்திருக்கிறேன். கூரை 12 மி.மீ. பிளைவுட், 4 அடி நீளம், 3 அடி அகலம். ஒரு பக்கமாகச் சரிவு கொடுத்திருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லை.

பிரச்சினை ஓரங்களில்தான். வெட்டிய விளிம்பு ஈரத்தை உறிஞ்சி, ஒரு மூலையில் அடுக்குகள் பிரிந்து உப்பத் தொடங்கிவிட்டன. இது வீட்டுக்குள் பயன்படுத்தும் ரகம், தண்ணீர் தாங்கும் மரைன் பிளை இல்லை. வாங்கும்போது அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். புதிதாக மாற்றக் கையில் பணமில்லை, இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

முதலில் தார்ப்பாய் போட்டேன். வெயிலில் நொறுங்கிப்போனது, அடியில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சையும் வந்தது. இப்போது நன்றாகக் காயவிட்டு, பிரிந்த இடத்தில் தண்ணீர் தாங்கும் மரப்பசை விட்டு இறுக்கி, விளிம்புகளுக்கு மூன்று கோட் பிரைமர், அப்புறம் வெளிப்புற எனாமல் பெயின்ட் அடிக்கலாம் என்று நினைக்கிறேன். அடிப்பக்கத்துக்கும் அடிக்க வேண்டுமா?

பெயின்ட் மட்டும் போதாது, தார் ஷீட் ஒட்டு என்கிறார் ஒரு நண்பர். வெயிலில் தார் இளகினால் நாய் நக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பழைய தகரம் ஒன்று இருக்கிறது. சட்டம் வைத்துச் சற்று இடைவெளி விட்டு அதை மேலே அடித்தால் சரியாக இருக்குமா? ஆணித் துளை வழியே ஒழுகாமல் இருக்க என்ன வைப்பீர்கள்?

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மழைக்காலம் நெருங்குகிறது, அவன் நனையக் கூடாது.