புதுப்பிப்பு: ஹெலிபேடும் எங்கள் தென்னைகளும்

கிருஷ்ணகிரி அருகே எங்கள் தோப்பை ஒட்டி ஹெலிபேடு அமைந்தால் தென்னைகளை வெட்ட வேண்டியிருக்குமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். விடை வெறும் தூரத்தில் இல்லை, சரிவில் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14ஆம் இணைப்பு, ஹெலிகாப்டர் ஏறி இறங்கும் பாதைக்கு அடியில் 4.5, 8, 12.5 விழுக்காடு என்ற மூன்று வகைகளில் ஒன்றாகத் தொடங்கி உயரும் கற்பனைச் சரிவை வகுக்கிறது; மரங்கள் அந்தச் சரிவைத் தாண்டி உயரக் கூடாது. இறங்குதளத்தைச் சுற்றித் தடையின்றி விடப்படும் பாதுகாப்புப் பரப்பின் விளிம்பிலிருந்து 160 மீட்டரில் நிற்கும் எங்கள் மரங்களுக்கு, முதல் வகையில் 7.2 மீட்டரும் கடைசி வகையில் 20 மீட்டரும் வரம்பாகும். இந்த உயரம் தளத்தின் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவதால், 6 மீட்டர் பள்ளத்தில் கிடக்கும் எங்கள் நிலத்துக்கு அந்த 6 மீட்டரும் கூடுதலாகக் கிடைக்கிறது (பள்ளத்து நிலம் என்று அப்பா அலுத்துக்கொண்டது இப்போது நினைவுக்கு வருகிறது). எனவே பாதைக்கு நேராக உள்ள இரண்டு வரிசைகளில் மட்டும் தென்னைக்குப் பதிலாக, கவாத்து செய்து தாழ்வாகவே வைத்துக்கொள்ளக்கூடிய மாங்கன்றுகளை நட முடிவு செய்திருக்கிறோம்.