லேடி பாம் நுனி ஏன் காயுது? (சத்துவாச்சாரி, எங்க தெரு செடி குரூப்)

*மூணாவது மாடி அக்கா:* ஹால்ல தொட்டியில இருக்கிற லேடி பாம் (வீட்டுக்குள்ள அழகுக்கு வளர்க்கிற சின்னப் பனை வகை) இலை நுனியெல்லாம் பழுப்பா காயுது. தினமும் ஒரு வேளை ஊத்துறோம். வெயில் ஏறுதே, ரெண்டு வேளையா ஊத்தலாமா?

*நர்சரி அண்ணா:* வேணாம்மா. நுனி மட்டும் காஞ்சா முதல்ல உப்பைத்தான் சந்தேகப்படணும். எந்தத் தண்ணி ஊத்துறீங்க?

*மூணாவது மாடி அக்கா:* ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணி. வீணாக்க வேணாமேன்னு.

*நர்சரி அண்ணா:* அதான் விஷயம். நம்ம போர் தண்ணியே கடினம். மெஷின் நல்ல தண்ணியப் பிரிச்சிட்டு மிச்ச உப்பையெல்லாம் அந்தக் கழிவுலதான் தள்ளுது. வேர் அதை இழுக்கும், இலை வழியா தண்ணி ஆவியாகும், உப்பு நுனியில தங்கிக் கருக்கிடும். மண்ணு மேல வெள்ளையா படிஞ்சிருக்கா?

*மூணாவது மாடி அக்கா:* ஆமாண்ணா, சுண்ணாம்பு மாதிரி.

*நர்சரி அண்ணா:* அந்த மேல் மண்ணை அரை இன்ச் சுரண்டி எடுத்துடுங்க. காவேரி தண்ணி வர்ற அன்னிக்கு தொட்டிய பாத்ரூம்ல வெச்சு, 10 இன்ச் தொட்டிக்கு 20 லிட்டர், மெதுவா ஊத்துங்க. அடி ஓட்டை வழியா முழுசா வடியணும், தட்டுல தேங்க விடாதீங்க. அப்புறம் ஏசி குழாய்ல சொட்டுற தண்ணியப் பிடிச்சு ஊத்துங்க, அதுல உப்பே கிடையாது. விரலை 2 இன்ச் உள்ள விட்டு, காஞ்சிருந்தா மட்டும்.

*பின் தெரு மாமா:* கொஞ்சம் வெயில் காட்டினா தேறுமா? மொட்டை மாடியில வெக்கலாமே.

*சயின்ஸ் சார்:* வெக்கவே கூடாது. தென் சீனாப் பக்கம் மரநிழல்ல வளர்ற இனம் அது. அக்னி நட்சத்திர வெயில்ல ஒரே நாள்ல இலை வெளுத்துடும், திரும்பப் பச்சையாகாது. கிழக்கு ஜன்னல்லேர்ந்து 4 அடி தள்ளி வெச்சா போதும். இன்னொரு அழகுப் பனையான அரேக்காவுக்குத்தான் வெளிச்சமும் தண்ணியும் கூடுதலா வேணும்.

*மூணாவது மாடி அக்கா:* காஞ்ச நுனிய வெட்டிடவா சார்?

*சயின்ஸ் சார்:* வெட்டலாம், ஆனா பழுப்புல ஒரு மயிரிழை விட்டு வெட்டணும். பச்சையில கத்திரி பட்டா அங்கேர்ந்து மறுபடி காயும். கீழ் இலையில மஞ்சள் புள்ளி வந்தா பொட்டாஷ் குறைவு. அந்த இலையக் கழிக்காதீங்க, அதுலேர்ந்துதான் செடி சத்தை எடுத்து மேல் இலைக்குக் கொடுக்கும். குருத்துல மட்டும் கை வெக்காதீங்க. தென்னைக்குக் குருத்து போன மாதிரிதான், அந்தத் தண்டு அதோட சரி.

*நர்சரி அண்ணா:* ஏசி ரூம்னா இலை அடியில செஞ்சிலந்திங்கிற சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி வரும், சன்னமா நூலாம்படை தெரியும். ஈரத்துணியால துடைச்சிட்டு, 1 லிட்டர் தண்ணியில 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்பு கலந்து சாயங்காலம் அடிங்க. வாரம் ஒருக்கா, 3 வாரம். முட்டை பொரிச்சு வர்றதால ஒரு தடவையோட விடக்கூடாது.

*பின் தெரு மாமா:* மண்ணு மாத்தணுமா?

*நர்சரி அண்ணா:* இப்ப வேணாம் மாமா, இந்த வெயில்ல வேரைக் கலைச்சா தாங்காது. ஆடி கழியட்டும். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, ஆத்து மணல் 1, தேங்காய் நார்த்தூள் 1. நார்த்தூளை மூணு தடவை அலசிப் பிழிஞ்சு போடணும், அதுலயும் உப்பு இருக்கும்.

*மூணாவது மாடி அக்கா:* ஏசி குழாய்க்குக் கீழ பக்கெட் வெச்சாச்சு அண்ணா.