மறு: காப்புநிலத்தின் ஊடே தப்பிச் செல்லும் பாதைக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன்.

ஈப்போ ஐயா கேட்ட கேள்வி எளிமையானதுதான். காட்டுத்தீ, நிலச்சரிவு, ஆழிப்பேரலை, உயிருக்குப் போராடும் நோயாளி என்று ஏதோ ஒரு நெருக்கடி. வெளியேற ஒரே வழி சட்டம் காத்து வைத்திருக்கும் காட்டின் ஊடாகப் போகிறது. அந்த வழியைத் திறந்துவிடச் சட்டம் இயற்றுகிறார்கள். அதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

> “அவசரகால வெளியேற்றப் பாதை என்று நேரடியாக வைத்துவிடலாமே?”

சென்னையில் வைக்கலாம், இங்கே இடிக்கும். அவசரகாலம் என்றதும் மலேசியத் தமிழருக்கு 1948 முதல் 1960 வரையிலான காலம்தான் நினைவுக்கு வரும். தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் ‘எமர்ஜென்சி’ என்றே சொல்வார்கள்: ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, முள்வேலி போட்ட புதுக்கிராமம். 2021இல் கோவிட்டுக்காகப் பிரகடனம் செய்ததும் அதே பெயரில்தான். சட்ட வாசகத்தில் ‘அவசரகாலப் பாதை’ என்று எழுதினால், மாமன்னர் பிரகடனம் செய்தால்தான் அந்தப் பாதை திறக்கும் என்று ஒரு வழக்கறிஞர் வாதாட இடமுண்டு.

‘வெளியேற்றம்’ அதைவிட மோசம். தோட்டத்தை விற்ற பிறகு லயத்து வீட்டுக்கு வரும் நோட்டீஸ் என்றுதான் நம் ஆட்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். 2009இல் இங்கே கம்போங் புவா பாலா என்ற குடியிருப்பின் வீடுகள் உடைபட்ட நாள்களில் நாம் பேசியது இந்தச் சொல்தான். ஆபத்து தீர்ந்ததும் வீடு திரும்புகிறவனுக்கும் திரும்ப வீடே இல்லாதவனுக்கும் ஒரே சொல்லா? மலாய்க்காரர்கள் ‘பெமிண்டாஹான்’, அதாவது இடமாற்றம், என்று வைத்திருக்கிறார்கள். அது தேவலை.

> “சுருக்கமாக, தப்புவழி.”

அக்கா, மன்னிக்கவும். கைகாட்டியில் ‘தப்பு வழி’ என்று எழுதிவைத்தால் எவன் அந்தப் பக்கம் போவான்?

கோலாலம்பூர் நண்பரின் ‘அவசரத் தடம்’ நெடுஞ்சாலையின் இடது ஓரத்துக்குப் போய்விட்டது. பெருநாள் நெரிசலில் அதில் ஓட்டி சம்மன் வாங்கியவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பார்கள். அதை விடுவோம்.

இதுவரை வந்த சொற்களெல்லாம் மண்ணில் கிடக்கும் பாதையைத்தான் பார்க்கின்றன. சட்டம் பார்ப்பது வேறொன்றை. இங்குள்ள கொடிமலையை (பினாங்கு ஹில்) எடுத்துக்கொள்ளுங்கள். மலை ரயில் நின்றுவிட்டால், தண்ணீர்மலையில் தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஏறும் ஜீப் பாதைதான் மேலே இருப்பவர்களுக்கு வாகனத்தில் இறங்க வழி. 2017 நவம்பர் மழையில் அந்தப் பாதையும் பல இடங்களில் சரிந்தது. சரி, இன்னொரு வழி வெட்டலாம் என்றால் சுற்றிலும் ஒதுக்கப்பட்ட காடு. 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமும்கூட. நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். 1984 தேசிய வனச் சட்டத்தின் மூலவடிவில், காட்டிலிருந்து ஒரு துண்டைப் பிரித்தெடுக்க 11ஆம் பிரிவு சொன்ன காரணம் ‘இதைவிட உயர்ந்த பொருளாதாரப் பயன்’. அதில் உயிர் காப்பது எந்தக் கணக்கில் வரும்? 2022 திருத்தம் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியது நல்லதுதான். ஆனால் விசாரணை நடத்திப் பிரித்தெடுத்தால் அந்த நிலம் காடாகவே இராது. காடு காடாகவே இருக்க, ஆபத்தில் மட்டும் கடந்துபோகும் உரிமை என்பது வேறு வகை. நம் சொல் அந்த உரிமையையும் தாங்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வேறுபாட்டுக்காகவே ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறார்கள். 1964 வனாந்தரச் சட்டம் நிரந்தரச் சாலையைத் தடுக்கிறது. அந்தப் பகுதியை நிர்வகிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குத்தான் வாகனத்துக்கு விலக்கு; உள்ளே இருப்பவர்களின் உடல்நலம், பாதுகாப்பு சார்ந்த நெருக்கடிகளும் அதில் அடங்கும். அலாஸ்காவில் கிங் கோவ் என்ற சிற்றூர். பெரிய விமான ஓடுதளம் இருப்பது கோல்ட் பேயில், நடுவே இசெம்பெக் வனவிலங்குப் புகலிடம். நோயாளியைக் கொண்டுபோகச் சாலை கேட்டார்கள். 2009இல் நாடாளுமன்றம் நிலப் பரிமாற்றத்துக்கு அனுமதி கொடுத்தது: சாலை முதன்மையாக உடல்நலம், பாதுகாப்புக்காக, வணிகத்துக்குக் கூடாது. 2013இல் உள்துறைச் செயலர் சாலி ஜுவெல் மறுத்தார். அடுத்து வந்த ஆட்சி பரிமாற்றத்துக்குக் கையெழுத்திட, 2019இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எதிர்ப்பவர்களின் அச்சமும் நியாயமானது. அங்குள்ள காயலின் கடற்புல்லை நம்பிப் ‘பிராண்ட்’ (brant) என்ற இனத்து வாத்துகள் பெருங்கூட்டமாக வந்து தங்குகின்றன. நோயாளிக்கென்று போட்ட சாலையில் நாளை மீன் லாரி ஓடாது என்று யார் உறுதி தருவது?

ஆகவே என் முன்மொழிவு: உய்வழி. உய் என்றால் ஆபத்திலிருந்து பிழைத்தல். ஊறுகாய், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை. பிழைத்தவன், பிழைக்கிறவன், பிழைக்கப் போகிறவன் எல்லாருக்கும் பொருந்தும். பாதைக்கு உய்வழி, அதைக் கடக்கும் சட்ட உரிமைக்கு உய்வழியுரிமை. ‘வழியுரிமை’ நிலச் சட்டத் தமிழில் ஏற்கெனவே புழங்குவதால் ஒட்டும். மீன் லாரிக்காரர் வந்து கேட்டால், உய்வதற்கு உனக்கு என்ன வந்தது என்று சொல்லே அவரைத் திருப்பி அனுப்பும்.

> “உய்தல் என்றாலே கோவில் சொற்பொழிவு மாதிரி இருக்கிறது. வானொலியில் ‘உயர்வழி’ என்று காதில் விழும்.”

முதலாவதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கவலைப்படவில்லை. ‘துயர் துடைப்பு மையம்’ என்பதும் தேவாரம் போலத்தான் ஒலிக்கிறது. வெள்ளம் வந்தால் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். இரண்டாவது உண்மையான சிக்கல். வானொலிச் செய்தியில் முதல் முறை ‘உயிர் காக்கும் உய்வழி’ என்று சொல்லி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். கைகாட்டிப் பலகையில் அம்புக்குறியும் ஓடும் மனிதனின் படமும் போதும். ஓடுகிறவன் நின்று எழுத்துக்கூட்டப் போவதில்லை.

பாதுகாக்கப்பட்ட பொதுநிலத்துக்கு ஒருவர் ‘புறம்போக்கு’ என்று எழுதியிருந்தார். தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் சரியான சொல். இங்கே அது வசவு மட்டுமே. ‘காப்புக்காடு’ கடற்கரைப் பூங்காவுக்கும் சதுப்புநிலத்துக்கும் பொருந்தாது. அதனால் காப்புநிலம். முழுப்பெயர்: காப்புநில உய்வழிச் சட்டம்.

‘நிலப் பரிமாற்றம்’, ‘அரசிதழ் நீக்கம்’ (காப்புநிலம் என்ற அரசிதழ் அறிவிப்பை விலக்குவது) இரண்டுக்கும் எனக்கு மறுப்பில்லை, அப்படியே பட்டியலில் சேர்க்கலாம். உய்வழிக்கு மாற்று வைத்திருப்பவர்கள், அதில் ‘அவசர’வும் ‘வெளியேற்ற’மும் இல்லாமல், வாரக் கடைசிக்குள் அனுப்புங்கள். சட்ட வாசகமாக ஒரு வரி எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. தனிச்சொல்லாக அழகாக இருப்பது வாக்கியத்தில் போட்டால்தான் நொண்டுகிறதா என்று தெரியும்.