டீசல் ஊறிய மண்ணை நுண்ணங்கிகளால் சீராக்க ஆலோசனை தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் எமக்குச் சொந்தமான காணியொன்றில் முன்னர் அரிசி ஆலையும் அதற்கான டீசல் தாங்கியும் இருந்தன. தாங்கியை அகற்றிய பின்னரும் அவ்விடத்து மண் கறுத்தே கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சாமல் உருண்டோடுகிறது. ஒரு முழ ஆழத்துக்குக் கிண்டினாலும் டீசல் மணக்கிறது. அகழ்ந்து வேறிடத்தில் கொட்டினால் தொல்லை இடம் மாறுமேயன்றித் தீராது என்பதால், இருந்த இடத்திலேயே நுண்ணங்கிகளைக் கொண்டு எண்ணெயைச் சிதைக்க விரும்புகிறோம்.

எண்ணெயைச் சிதைக்கும் சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் பெரும்பாலும் மண்ணிலேயே இருப்பதனால், புதிதாக வாங்கிச் சேர்ப்பதைவிட அவற்றுக்கு ஒட்சிசன், ஈரம், நைதரசன், பொசுபரசு ஆகியன கிடைக்கச் செய்வதே முதன்மையானது. 1989இல் எக்ஸன் வால்டீஸ் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் படிந்த அலாஸ்காக் கரைகளிலும் இவ்வாறு நுண்ணங்கிகளை ஊக்குவிக்கப் பசளை இடப்பட்டது. காபன், நைதரசன், பொசுபரசு 100:10:1 என்பது வழக்கமான தொடக்க விகிதம். ஆனால் நைதரசனுக்காக இடும் யூரியா மிகுந்தால் நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்கும். எமது குடிநீர்க் கிணறோ அருகிலேயே உள்ளது.

எனவே, மண்ணிலுள்ள மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன் (டீசல் போன்ற எண்ணெய்ச் சேர்வைகள்) அளவையும் கிணற்று நீரையும் வடக்கில் எங்கு பரிசோதிக்கலாம், அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் எப்பிரிவை அணுகலாம், துளையிட்ட குழாய்களைப் புதைத்து மெதுவாகக் காற்றூட்டும் முறையை வன்னி மண்ணில் எவரேனும் செய்து பார்த்ததுண்டா என்பதைத் தயவுசெய்து அறியத்தாருங்கள். மாரியில் மண் நீரில் ஊறினால் காற்றோட்டம் குன்றிவிடும். ஆகவே மழைக்கு முன்னரே வேலையைத் தொடங்க எண்ணியுள்ளோம்.