புதுப்பிப்பு: கடைசியில் ரீப்பர்தான்

பழைய விண்டோஸ் மடிக்கணினியில் எங்கள் உறுமி மேளத்தைப் பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் சொன்ன கராஜ்பேண்ட் ஆப்பிளில் மட்டும்தான் ஓடும், அது போச்சு. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், அதையே இறக்கினேன். முதல் நாள் உறுமியை ஓர் இழுப்பு இழுத்தால், ஹெட்ஃபோனில் அது கொஞ்சம் பிந்தி வந்தது. தாளமே கெட்டது. ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் போட்டு, பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024-லிருந்து 128-க்கு இறக்கினேன், சரியானது. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 48,000 மாதிரி எடுத்தால், 128 என்பது 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. பதிவுகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கின்போது கணினி திணறியது, அப்புறம் மறுபடி 1024-க்கே ஏற்றிவிட்டேன்.

இப்போது மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் மழைதான் தொல்லை. தகரக் கூரைச் சத்தத்துக்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை. அதனால் மழைக்கு முன்பே, காலை ஏழு மணிக்கே பதிவு. பக்கத்து வீட்டு அக்காதான் முறைக்கிறார்.