'வாட் இஸ் லவ்': பழைய பாட்டும் 2009 ரீமிக்ஸும், உங்கள் அனுபவம் என்ன?

ரைன்கரை:
'வாட் இஸ் லவ்' பாடிய ஹடவே யார் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2009 கடைசி, ஜெர்மனியில் கொலோன் நகரில் ஒரு கிளப். டிஜே கிளாஸ் செய்த '2கே9' ரீமிக்ஸ் அப்போது எங்கே போனாலும் ஓடியது. அன்று அது தொடங்கியபோது நான் வீட்டுக்குப் புறப்பட்டு, மேலங்கிகளை வாங்கி வைக்கும் இடத்தில் நின்றேன். அங்கே இருந்த ஜெர்மன்கார அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் ஜாக்கெட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தவர் அதைத் தராமல் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாரும் 'பேபி டோன்ட் ஹர்ட் மீ' வருவதற்காகக் கையைத் தூக்கிக் காத்திருந்தார்கள், அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் தெரியும். இவரோ சரணத்தை ஒரு சொல் விடாமல் பாடினார். முணுமுணுப்பு இல்லை, நல்ல சத்தமாக, என் ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. முடிந்ததும் ஜாக்கெட்டை நீட்டி, "இவர் எங்கள் ஊர் ஆள், தெரியுமா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் ஆள்! ட்ரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, 80களின் பிற்பகுதியில் கொலோனுக்கு வந்தவர் ஹடவே. இங்கே குரோக்கடைல்ஸ் அணியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினார், நடனம் அமைத்துக் கொடுத்தார். 1993இல் அவருடைய முதல் பாட்டாக இது வெளியானது, அவ்வளவுதான், ஊர் அவரை எடுத்துக்கொண்டது. நான் அவருக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவன். வேலை, வரி, பிள்ளைகள், குடியுரிமை எல்லாம் இங்கேதான். என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அம்மா மீது எனக்குக் கோபமே கிடையாது, அவர் பாடியது அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இந்தப் பாட்டோடு ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

இரவுப்பணி:
ரைன்கரை அண்ணை, எனக்குப் பழைய பாட்டுத்தான். 1993 கோடை, லண்டனில் பெற்றோல் செற் ஒன்றில் இரவு வேலை. அந்தப் பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போன நேரம், ரேடியோவைத் திறந்தாலே அதுதான். விடியப்புறம் ஒரு மினிகேப் வந்து நின்றது. சாரதி பெற்றோல் அடிக்கிறார், கதவு திறந்தே கிடக்கிறது, காருக்குள் இந்தப் பாட்டு. பின் இருக்கையில் இருந்த பெண் இறங்கி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு என் கண்ணாடிக்கு வந்தாள். கண்மை கன்னம் வரைக்கும் கரைந்து கிடந்தது. ஏதோ சிகரெட் கேட்கப் போகிறாள் என்று பார்த்தால், "இந்தப் பாட்டின் பெயர் என்ன?" என்கிறாள். காசு தள்ளும் தட்டில் ஒரு ரசீதையும் பேனாவையும் வைத்து வெளியே தள்ளினேன். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பாடுகிறவர் பெயரை இரண்டு தரம் கேட்டு எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

அதனால் ரீமிக்ஸ் என்றாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது. இது கெஞ்சுகிற பாட்டு. கெஞ்சுகிறவனை ஏன் இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் தள்ளுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்காபரோ_டெக்:
டொராண்டோவில் தமிழ்க் கல்யாணங்களுக்கு டிஜேயாக இருக்கிறேன். என் அனுபவம் சின்னது: ஒரு ரிசப்ஷனில் பழைய பாட்டைப் போட்டேன், தளத்தில் யாரும் ஆடவில்லை, ஆனால் மேசைகளில் இருந்த பெடியன்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தலையைப் பக்கவாட்டில் வெட்ட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் வில் ஃபெரலும் கிறிஸ் கட்டானும் இந்தப் பாட்டுக்குக் காருக்குள் அப்படித் தலையாட்டியது, அப்புறம் 1998இல் அதையே படமாக எடுத்தது, இதையெல்லாம் அவருக்கு யார் சொல்வது? அவர் எழுந்து போன அந்த நடையை மறக்க முடியவில்லை.

இரவுப்பணி அண்ணை சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ரீமிக்ஸ் குரலைக் கொல்லவில்லை, போடத் தெரியாதவர்கள் கொல்கிறார்கள். பழைய பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 124 தாள அடி, ஜி மைனர், அதாவது நம் கணக்கில் ஐந்து கட்டை. இப்போது ஹவுஸ் என்கிற நடன இசை செட் 128இல் ஓடும். 124ஐ அப்படியே இழுத்து 128 ஆக்கினால் சுருதி கிட்டத்தட்ட கால் கட்டை ஏறிவிடும், அவர் குரலில் இருக்கிற கனம் போய்விடும். வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கிற கீ லாக்கைப் போடுங்கள், இல்லையென்றால் மற்றப் பாட்டுகளை 124க்குக் கீழே கொண்டுவாருங்கள், அதுதான் மரியாதை. இன்னொன்று, ரேடியோவில் வருகிற நாலரை நிமிட வடிவத்தை நம்பி மிக்ஸ் செய்யாதீர்கள். ஒரே பாட்டின் பல வடிவங்கள் இருக்கிற 1993இன் மேக்ஸி சிடியைத் தேடி வாங்குங்கள், அதில் 12 இஞ்ச் மிக்ஸ் என்கிற நீண்ட வடிவம் இருக்கிறது, அடுத்த பாட்டோடு கலக்க நுழையவும் வெளியேறவும் தாராளமாக இடம் உண்டு. அதே சிடியில் 'ஈட் திஸ் மிக்ஸ்', 'டூர் டி டிரான்ஸ் மிக்ஸ்' என்று வேறும் இருக்கின்றன. அதாவது, ரீமிக்ஸ் 2009இல் வந்த வியாதி இல்லை, பாட்டு பிறந்தபோதே கூடப் பிறந்தது. ஸ்பீக்கரில் பாஸைக் கொஞ்சம் குறைத்து நடு அலைவரிசையைத் தூக்கிவிடுங்கள், மனுஷன் குரல் அங்கேதான் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பாட்டைப் போடவே போடாதீர்கள்.

வடகடல்:
ஸ்காபரோ தம்பி, இங்கே யாரும் டிஜே பாடம் கேட்கவில்லையே. ரைன்கரை கேட்டது வேறு. அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நான் ஹாம்பர்க்கில் பள்ளிக்கூடம் படித்தவள். 90களில் ரீவியைப் போட்டால் எங்களைப் போன்ற நிறத்தில் முகங்கள் தெரிந்த இடம் இந்த மாதிரிப் பாட்டுகளில்தான். ஆனால் பெரும்பாலும் ஒருவர் ராப் சொல்வார், ஒரு பெண் பல்லவி பாடுவாள், அந்த முகமும் குரலும் ஒரே ஆளுடையதா என்பதே சந்தேகம். கொரோனா என்ற இசைக்குழுவின் 'ரிதம் ஆஃப் தி நைட்'டில் வாயசைத்தது ஒருவர், பாடியது இன்னொருவர். ஹடவே முழுப் பாட்டையும் தானே பாடினார், ராப் இல்லை, கடன் வாங்கிய குரல் இல்லை. வகுப்பில் ஒரு பையன் என்னிடம் வந்து "உன் மாமாவா அது?" என்று கேட்டான். அவன் கேலிக்குத்தான் கேட்டான். நான் "ஆமாம்" என்றேன். அவன் நம்பிவிட்டான்! ஒரு தவணை முழுக்க என்னிடம் மரியாதையாக நடந்தான். அவன் முகத்தில் வந்த அந்த மாற்றம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது, சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரைன்கரை அண்ணா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

நெக்கார்க்காற்று:
என் துறைத் தலைவி, கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் விடமாட்டார். அலுவலகத்துக் கிறிஸ்துமஸ் விருந்தில் ரீமிக்ஸ் போட்டார்கள். நேரே டிஜேயிடம் போய் "நிறுத்துங்கள், பழையதைப் போடுங்கள்" என்றார். அவரிடம் பழையது இல்லை. தலைவி திரும்பி வந்து நடுத்தளத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றி முப்பது நாற்பது பேர் குதிக்கிறார்கள், இவர் அசையவில்லை, ரீமிக்ஸ் முடியும்வரை நகரவே இல்லை. அவர் லைப்சிக்கில் வளர்ந்தவர், சுவர் விழுந்த பிறகு மேற்கே வந்தவர் என்று மட்டும் தெரியும். 1993இல் அவருக்கு என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

2023இல் டிஜே டேவிட் குவெட்டா, ஆன்-மேரி, கோய் லெரே என்ற இரண்டு பாடகிகளை வைத்துச் செய்ததையும் சிலர் ரீமிக்ஸ் என்கிறார்கள். அது புதுப் பாட்டு, பழைய பல்லவியை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 2009 ரீமிக்ஸில் குறைந்தபட்சம் ஹடவேயின் பெயராவது அட்டையில் இருக்கிறது.

ஸ்காபரோ_டெக்:
பெயர் இருந்தால் போதுமா அக்கா? 2010இல் ராப் பாடகர்கள் எமினெமும் லில் வேய்னும் 'நோ லவ்' என்ற பாட்டில் இதே குரலை வெட்டி ஒட்டினார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் என் மருமகன் பழைய பாட்டைத் தேடிப் போனான். எந்த வழியில் வந்தாலும் ஆள் அங்கே போய்ச் சேருகிறான், எனக்கு அது போதும்.

இரவுப்பணி:
எனக்குப் போதாது தம்பி. தேடிப் போகிறவன் ஒருவன், தலையை ஆட்டிவிட்டுப் போகிறவன் நூறு பேர். உங்கள் கல்யாண மண்டபத்திலேயே பார்த்தீர்கள்தானே.